உயிரியல் மீட்டும்போது மனதை விட்டுப் போகாத ஒரு தருணம்: திருமலைக்காரர்கள் எழுதுங்கள்

உவர்மலை_ரீச்சர்:

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு மாலையில் மீட்டல் எடுக்கிறேன், கலத்தில் தொடங்கிச் சூழலியல் வரைக்கும். ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இன்னும் என்னோடேயே திரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன். கீழ்ப்பக்கம் ஊதாவாக இருக்கிற ரியோச் செடி இலையின் அந்தப் பக்கத் தோலை உரித்து... சரி, செய்முறை எல்லோருக்கும் தெரியும். செறிவான சுக்குரோசுக் கரைசல் விட்டதும் ஊதா நிறம் கலச்சுவரை விட்டு விலகி நடுவில் சுருண்டு நின்றது. நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்திருந்தவள் தலையைத் தூக்காமலே "மிஸ், இது செத்துப் போச்சா?" என்றாள். பிரசாரணத்தின், அதாவது மென்சவ்வினூடாகச் செறிவு கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் நகர்வதன், வரைவிலக்கணத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய பிள்ளை அவள். நான் பதில் சொல்லவில்லை. மூடித்துண்டின் ஒரு ஓரத்தில் சொட்டுத் தண்ணீர், மறு ஓரத்தில் வடிதாள். கொஞ்ச நேரத்தில் ஊதா மெல்லப் பரவிப் போய்ச் சுவரைத் தொட்டது. "வருது, வருது" என்று அவள் கத்தின கத்தலில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள்.

கலச்சுவருக்கு உள்ளே இருக்கிற மென்சவ்வு உயிரோடு இருந்தால்தான் திரும்ப விரியும். கொதிநீரில் போட்டெடுத்த தோலில் நிறம் வெளியே கசிந்துவிடும், பிறகு அது சுருங்கவும் மாட்டாது, விரியவும் மாட்டாது. அன்றே இன்னொருவன் கேட்டான்: சுருங்கின முதலுருவுக்கும் (மென்சவ்வும் அதற்கு உள்ளே இருப்பதும்) சுவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது? வெற்றிடம் என்றுதான் பல பிள்ளைகள் எழுதுகிறார்கள். அங்கே இருப்பது நாம் வெளியே விட்ட அதே சுக்குரோசுக் கரைசல், கலச்சுவர் அதை மறிக்காது. உங்களுக்கு இப்படி நின்றது எது?

நிலாவெளி_வாடி:

எங்கள் வீட்டுத் தொழில் கருவாடு. உப்புப் போட்டால் மீனிலிருந்து தண்ணீர் இறங்கும், மீனில் இருக்கிற பற்றீரியாவிலிருந்தும் தண்ணீர் இறங்கும், அதனால் பழுதாகாது. இதைப் புத்தகம் சொல்வதற்கு முதலே அம்மம்மா சொல்லித் தந்துவிட்டா. ஒரு நாள் முற்றத்தில் பாயில் கருவாடு காய்கிறது, நான் திண்ணையில் இருந்து நுண்ணுயிரியல் அலகு பார்க்கிறேன், "அதிக உப்பு நுண்ணங்கிகளின் வளர்ச்சியைத் தடுக்கும்" என்ற வரியில் நிற்கிறேன், அந்த நேரம் பார்த்து அம்மம்மா ஒரு துண்டைத் தூக்கி "இது சிவந்து போச்சுதடா, வேண்டாம்" என்று தனியே எறிகிறா. பார்த்தால் இளஞ்சிவப்பாகப் பிசுபிசுவென்று ஒரு படலம். உப்புக்குள்ளேயே ஏதோ வளர்ந்திருக்கிறது!

அது உப்பை விரும்பும் ஆர்க்கியா. பற்றீரியா என்று சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகிற கூட்டத்திலிருந்து ஆர்க்கியாவை 1977இல் கார்ல் வோஸ் என்ற விஞ்ஞானி பிரித்துக் காட்டியது ரியூசனில் ஒரு வரியாகத்தான் வந்தது. எனக்கு அது அந்தத் துண்டோடு சேர்ந்து பதிந்துவிட்டது. சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தைச் செறிவாகக் கலத்துக்குள் சேர்த்து வைத்திருப்பதால் வெளியில் எவ்வளவு உப்பு இருந்தாலும் அவற்றின் தண்ணீர் இறங்காது. நல்ல தண்ணீரில் போட்டால்தான் அவற்றுக்குச் சாவு, கலம் உடைந்துவிடும். உப்பளத்துப் பாத்திகளில் உப்பு முற்றும் நேரம் தண்ணீர் சிவந்து தெரிவதற்கும் இவைதான் பெரிய காரணம், துனலியெல்லா என்ற அல்காவும் (பாசி) கூட இருக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்தும் பார்க்காமலும் சைக்கிளில் போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

கிண்ணியா_துறையடி:

ரீச்சர், கோவிக்க வேண்டாம், நுணுக்குக்காட்டி உள்ள இடத்திலிருந்து எழுதுகிறீர்கள். நாங்கள் படித்த இடத்தில் அது அலுமாரிக்குள் பூட்டி இருந்தது, திறப்பு யாரிடம் என்றே தெரியாது. செய்முறை எல்லோருக்கும் தெரியும் என்று ஒரு வரியில் கடந்து போகாதீர்கள், பலருக்குத் தெரியாது, படத்தை மட்டும் பார்த்து எழுதினவர்கள்தான் நாங்கள்.

எனக்குப் பிரசாரணம் விளங்கியது தோணியில். வாப்பாவோடு களப்புக்குள் போகும்போது கரைச் சேற்றில் நிற்கிற கண்ணா மரத்து இலை வெயிலில் மினுங்கியது. ஒன்றைப் பிடுங்கி நாக்கில் வைத்தேன், கடலைவிடக் கரிப்பு. இலையில் இருக்கிற உப்புச் சுரப்பிகள் வெளியே தள்ளின உப்பு அது. பக்கத்திலேயே நின்ற கண்டல் இலையில் அப்படி ஒன்றும் இல்லை, அது பெரும்பாலான உப்பை வேரிலேயே மறித்துவிடுகிறது. ஒரே தண்ணீர், ஒரே சேறு, இரண்டு மரத்துக்கும் இரண்டு வழி. ஒரு லீற்றர் கடல்நீரில் 35 கிராம் அளவில் உப்பு இருக்கிறது, அதிலிருந்து ஒரு மரம் தண்ணீர் இழுக்கிறது என்றால் அதன் வேருக்குள் கரைசல் எப்படி இருக்க வேண்டும் என்று அன்று தோணியிலேயே யோசித்தேன். அப்புறம் கண்ணாவைச் சுற்றிச் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலே நிற்கிற மூச்சுவேர்கள், சேற்றுக்குள் ஒட்சிசன் இல்லை என்பதால் வந்தவை. கலம், வேர், சூழல் என்று மூன்று அலகும் அந்த ஒரு மரத்தில் கிடக்கிறது. வாப்பாவுக்கு அலகு ஒன்றும் தெரியாது, ஆனால் கண்டலை வெட்டினால் இறால் குறையும் என்று அவர் சொல்லுவார்.

உவர்மலை_ரீச்சர்:

தம்பி, சொன்னது சரி. திறப்பு இல்லாத இடத்தில் உருளைக்கிழங்கு போதும். ஒரே நீளத்துக்குத் துண்டுகள் வெட்டி, ஒன்றை நல்ல தண்ணீரிலும் ஒன்றை உப்புத் தண்ணீரிலும் இரவு போட்டு வையுங்கள், காலையில் அடிமட்டம் வைத்து அளந்தால் நீளம் வித்தியாசப்படும், வளைத்துப் பார்த்தாலே விறைப்பும் துவட்சியும் கைக்குத் தெரியும்.

கோட்டையடி:

கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமான். அதன் வாயில் பாதி உள்ளே பாதி வெளியே சொப்பிங் பேக். இழுத்து எடுக்கலாம் என்று கிட்டப் போனேன், விழுங்கிவிட்டது. அசைபோடும் விலங்கின் இரைப்பை பற்றி அந்தக் கிழமைதான் படித்திருந்தேன்: செலுலோசை உடைப்பது மானின் சொந்த நொதியம் (என்சைம்) அல்ல, முதல் அறையில் வாழ்கிற நுண்ணங்கிகள். பொலித்தீனை உடைக்க அங்கே யாரும் இல்லை, அது அங்கேயே கிடந்து இடத்தை அடைக்கும், மான் வயிறு நிறைந்த மாதிரி நின்றபடியே மெலியும். பாணும் சோறும் கொடுப்பதும் நல்லதல்ல, மாப்பொருள் ஒரேயடியாகப் போனால் அந்த அறை புளித்து நுண்ணங்கிகளே செத்துப்போகும். அன்போடுதான் கொடுக்கிறார்கள், தெரிகிறது. தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

பழைய_பயோ_பச்:

என் கதை சின்னது. பரீட்சை மண்டபத்துக்கு வெளியே, மணி அடிக்க முதல், ஒரு பிள்ளை அழுகிற முகத்தோடு கேட்டாள்: "அண்ணா, செங்குருதிக் கலத்துக்கு இழைமணி இல்லையென்றால் சக்திக்கு என்ன செய்யும்?" கிளைக்கோப்பகுப்பு, அதாவது ஒட்சிசன் இல்லாமலே குளுக்கோசை உடைப்பது, மட்டும்தான், கருவும் இல்லை, ஒட்சிசனைக் கொண்டு சக்தி எடுக்கிற இழைமணியும் இல்லை, சுமந்து போகிற ஒட்சிசனைத் தான் தொடுவதே இல்லை என்றேன். அந்த முகம் தெளிந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இப்போது படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்குச் சில விஷயம். முதலாம் அலகிலிருந்து வரிசையாக மீட்டத் தொடங்காதீர்கள், எல்லோரும் அப்படித் தொடங்கி கலத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு எட்டாம் அலகு சூழலுக்கு வரும்போது களைத்துப் போகிறார்கள். ஒரு முறை பின்னாலிருந்து வாருங்கள். சூழற்றொகுதியில் சக்தி பாய்கிறது என்றால் அந்தச் சக்தி எங்கே பிடிக்கப்பட்டது? ஒளித்தொகுப்பு. அது எங்கே நடக்கிறது? இலைக் கலத்துக்குள் இருக்கிற பச்சையவுருமணி. அதன் மென்சவ்வில் என்ன நடக்கிறது? அப்படியே கலத்துக்குள் இறங்கிவிடுவீர்கள். இரண்டாவது, எம்.சி.கியூ (பல்தேர்வு வினா) ஐம்பதுக்கு 2 மணித்தியாலம், ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன், அந்த வேகத்தை வீட்டில் மணிக்கூட்டோடு பழகுங்கள். விடை பிழைத்தால் சரியான விடையை மட்டும் அடையாளப்படுத்திவிட்டுப் போகாமல் மற்ற நாலும் ஏன் பிழை என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள், ஒரு வினாவில் ஐந்து வினா படித்தது போல. படம் கீறும்போது பார்த்துக் கீறாதீர்கள், மூடி வைத்துக் கீறிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். ரிசோர்ஸ் புத்தகத்தை விட்டுவிட்டு நோட்ஸில் மட்டும் தொங்காதீர்கள். இரவு முழுக்க விழித்திருக்கவும் வேண்டாம். சூழல் அலகு வெறும் வாசிப்புத்தான், விளங்கிக்கொள்ள அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, அதனால் மனப்பாடத்தைக் கடைசி மாதத்துக்கு வைத்தால் போதும்.

புறாத்தீவு_படகு:

அண்ணா, யாரும் அட்டவணை கேட்கவில்லை. அதுவும் போகட்டும், அந்தக் கடைசி வரியை ஏற்கவே முடியாது.

ஆட்களைப் புறாமலைத் தீவுக்கு ஏற்றி இறக்குகிறவன் நான், உயிரியலும் படித்தவன். கடல் சூடாகக் கிடந்த ஒரு பருவத்தில் முகமூடி போட்டுக் குனிந்து பார்க்கிறேன், மண்ணிறமாக இருந்த மான்கொம்பு முருகைக்கல் பால் வெள்ளையாக நிற்கிறது. படகில் வந்தவர்கள் "எவ்வளவு வடிவு" என்று படம் எடுத்தார்கள். எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. வெள்ளை என்றால் உள்ளே ஒன்றிய வாழ்வு நடத்திய அல்காக்கள் வெளியேறிவிட்டன, முருகைக்கல்லைக் கட்டுகிற சின்ன விலங்கான பொலிப்பின் உணவில் பெரும்பங்கு அவற்றின் ஒளித்தொகுப்பிலிருந்துதான் வருகிறது, ஆக அது பட்டினி கிடக்கிறது. செத்துவிடவில்லை. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் அல்காக்கள் திரும்ப வரலாம், சூடு நீண்டால் பொலிப்பு செத்து, மேலே வேறு பாசி படிந்துவிடும். அந்த நேரத்தில் கால் வைத்து ஏறி நிற்கிறார்கள்! இதில் விளங்கிக்கொள்ள ஒன்றும் இல்லை என்கிறீர்களா? கலமும் சூழலும் இரண்டு அலகாகப் புத்தகத்தில்தான் இருக்கின்றன.

அப்புறம் அந்தப் பத்து வீதக் கணக்கு. உணவுச் சங்கிலியில் ஒரு போசணை மட்டத்திலிருந்து அடுத்ததற்கு சக்தியில் சரியாகப் பத்து வீதம் போகும் என்று மனப்பாடம் செய்தால் கணக்கு வரும், விளக்கம் வராது. 1942இல் லின்டமன் என்ற சூழலியலாளர் ஓர் ஏரியை வைத்து எழுதியதில் ஒவ்வொரு மட்டத்துக்கும் வேறு வேறு எண்தான் வந்தது, பத்து என்பது பிறகு நிலைத்துப்போன ஒரு சராசரி. கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலைக்கு அங்கால் நீலத்திமிங்கிலம் மூச்சு விடுவதைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அவ்வளவு பெரிய உடம்பு சின்ன இறால் வகைகளைத் தின்று வாழ்வது எப்படி? சங்கிலி குட்டையாக இருப்பதால் இடையில் இழப்பது குறைவு. இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

கன்னியா_வீதி:

என் மகன் பதினோராம் வகுப்பு. கன்னியா வெந்நீர் ஊற்றில் வாளியைத் தூக்கித் தலையில் ஊற்றப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். "அப்பா, 40 பாகைக்கு மேலே நொதியம் இயல்பு மாறும் என்று படித்தேன், ஊத்தினால் எனக்கு ஒன்றும் ஆகாதா?" பின்னால் வரிசை. எல்லோரும் கத்துகிறார்கள், அவன் அசையவில்லை. தோலில் படுகிற சூட்டை இரத்தம் எடுத்துப் போய்ப் பரப்பிவிடும், வியர்வை குளிராக்கும், உள்ளே 37 பாகையை உடம்பு காக்கும், நொதியத்துக்கு உள்ளே இருக்கிற சூடுதான் கணக்கு என்றேன். ஊற்றினான். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்ததில், அமெரிக்காவின் யெலோஸ்டோன் ஊற்றுகளில் 70 பாகையில் செழித்து வளர்கிற ஒரு பற்றீரியாவை தோமஸ் புரொக் கண்டெடுத்திருக்கிறார், சூட்டுக்குக் கெடாத அதன் நொதியத்தால்தான் டி.என்.ஏயைப் பல பிரதியாக்கும் பி.சி.ஆர் முறை இவ்வளவு இலகுவாயிற்று. நம்மூர் ஊற்று அவ்வளவு சூடில்லை. ஏழு கிணற்றிலும் சூடு ஒரே மாதிரி இருப்பதில்லை என்பது கை வைத்த எல்லோருக்கும் தெரியும், வெப்பமானியோடு போய் ஏழையும் அளந்தவர்கள் இருந்தால் அளவை இங்கே போடுங்கள், மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.