வீட்டிலேயே ஜெபிச்சா போதாதா, சபைக்குப் போயே ஆகணுமா?

சின்னமந்தை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா மனசுல கிடக்கற கேள்வி. நான் சபைக்குப் போயி எட்டு மாசம் ஆச்சு. வேதம் வாசிக்கறேன், ஜெபம் பண்றேன், ஞாயித்துக்கிழமை யூடியூப்ல ஆராதனை பாக்கறேன், அதெல்லாம் விடல. போன வருஷம் வீட்டுல ஒரு கஷ்டம், செல் குரூப்ல, அதாவது சபையில சில பேரு மட்டும் கூடி ஜெபிக்கற சின்னக் குழுவுல, எனக்காக ஜெபிக்கச் சொல்லி ஜெபக் குறிப்பா அழுதுகிட்டே சொன்னேன், அடுத்த வாரமே நான் பேசிப் பழகாதவங்க எல்லாம் வந்து "கேள்விப்பட்டோம்மா"ன்னு விசாரிக்கறாங்க. அன்னைக்கு மூடின வாய்தான். எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல சபை எதுக்கு? சபை கூடிவர்றதை விட்டுடாதீங்கன்னு சொல்ற எபிரெயர் 10:25 எனக்குத் தெரியும், அதை மட்டும் எடுத்து அடிக்காதீங்க ப்ளீஸ். கூடி வந்ததுல உங்களுக்கு என்ன கிடைச்சுதுன்னு சொல்லுங்க.

பழைய சண்டேஸ்கூல் டீச்சர்:
சிஸ்டர், முதல்ல உங்களுக்கு நடந்தது தப்பு. ஜெபக் குறிப்புன்னு சொல்லிக்கிட்டு வம்பு பேசறது பாவம்தான், அதுக்கு வேற பேரு கிடையாது.

என் அனுபவத்தைச் சொல்றேன். எங்க அம்மா தவறினப்புறம் மூணு மாசம் எனக்கு ஜெபமே வரல, சபைக்குப் போயி நிப்பேன், பாட்டு ஆரம்பிச்சதும் தொண்டை அடைச்சுக்கும். பக்கத்துல ஒரு வயசானவங்க, பார்வை மங்கல், பாட்டுப் புஸ்தகத்தை என்கிட்ட நீட்டி பக்கத்தை எடுத்துக் குடும்மான்னு கேப்பாங்க, எடுத்துக் கொடுத்ததும் புஸ்தகத்தைப் பாக்காமலே பாடுவாங்க, எல்லாம் மனப்பாடம். அப்புறம் எதுக்கு என்னை எடுக்கச் சொல்றாங்கன்னு புரியவே ரொம்ப நாள் ஆச்சு, என் கைக்கு ஒரு வேலை கொடுத்திருக்காங்க. அந்த மூணு மாசம் எனக்கும் சேத்து அவங்கதான் பாடினாங்க. மாற்கு 2ல திமிர்வாதக்காரனை நாலு பேரு தூக்கிட்டு வந்து கூரையைப் பிரிச்சு இறக்கறாங்கல்ல, 5ம் வசனத்துல இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு"ன்னுதான் இருக்கு, படுத்திருந்தவன் வாயைத் திறந்ததா ஒரு வார்த்தை இல்ல. யூடியூப்ல எங்க சபையை விட நல்ல பிரசங்கமே கிடைக்கும், ஆனா நம்ம தொண்டை அடைச்சுக்கிட்டது அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குத் தெரியாதே.

வழிப்போக்கன்:
டீச்சர் சொன்னது சரி, ஆனா ஆன்லைன் ஆராதனையை அவ்வளவு லேசா எடுத்துக்க என்னால முடியல. எங்க அப்பா படுத்த படுக்கை, வாராவாரம் அவருக்கு போன்லதான் ஆராதனை. மாசம் ஒரு தடவை பாஸ்டர் வந்து திருவிருந்து, அதான் அப்பமும் திராட்சரசமும், கொடுப்பாரு, அன்னைக்கு மட்டும் அப்பா விடியகாலைலயே எழுப்பி ஷேவ் பண்ணிவிடச் சொல்வாரு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு காத்துக்கிட்டு இருப்பாரு. இது இன்னைக்கு வந்த பழக்கமும் இல்ல. கி.பி. 155 வாக்குல ஜஸ்டின் மார்ட்டர்ங்கற ஆதிகாலக் கிறிஸ்தவ எழுத்தாளர் ரோமப் பேரரசருக்கு எழுதினதுல, ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஒரே இடத்துல கூடி வேதம் வாசிச்சு ஜெபிச்சு அப்பமும் திராட்சரசமும் பங்கிடுவோம், வராதவங்களுக்கு டீக்கன்மார்ங்கற சபை உதவி ஊழியர்கள் கையில கொடுத்தனுப்புவோம்னு சொல்றாரு. காணிக்கை அனாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில இருக்கறவங்களுக்கும். அப்ப கூட்டத்துல யாரு வரலன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. அதனால நான் கேக்கறேன், இந்த எட்டு மாசத்துல உங்களைத் தேடி யாராவது வந்தாங்களா? வரலைன்னா அந்தக் குறை உங்க மேல மட்டும் இல்ல.

குரூப் லீடர்:
நானும் ஒரு செல் குரூப் நடத்தறவன், இதைப் படிக்க வெக்கமா இருக்கு. எங்க குரூப்லயும் ஒரு தடவை இப்படி ஆகி ஒரு குடும்பமே வராம போச்சு, அதுக்கப்புறம்தான் ஒரு பழக்கம் வெச்சோம், யாரு பாரத்தைச் சொன்னாலும் முடிவுல "இதை வெளிய ஜெபிக்கச் சொல்லலாமா, இங்கயே இருக்கட்டுமா"ன்னு அவங்க முகத்தைப் பாத்துக் கேட்டுடுவோம். இங்கயே இருக்கட்டும்னா வீட்டுக்காரம்மாகிட்ட கூட மூச்சு விடக் கூடாது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி 1742ல இங்கிலாந்துல பிரிஸ்டல்ல ஆரம்பிச்ச "வகுப்புகள்"ங்கற சின்னக் குழுக்கள் கூட பன்னெண்டு பேரு அளவுதான், அதுவும் முதல்ல ஆராதனை மண்டபத்து கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி வசூல் பண்ணத்தான் தொடங்கினது, வீடு வீடாப் போனப்புறம்தான் யாரு வீட்டுல என்ன நிலைமைன்னே அவங்களுக்குத் தெரிய வந்துச்சு. சிஸ்டர், ஒரேயடியா குரூப்புக்குத் திரும்ப வேண்டாம், நம்பகமான ஒரே ஒருத்தரோட வாரம் அரை மணி நேரம் ஜெபிங்க. முடிஞ்சா மத்தேயு 18:15 சொல்ற மாதிரி உங்க லீடரைத் தனியாப் பாத்து நடந்ததைச் சொல்லுங்க, அவருக்கு இது தெரியாமலே கூட இருக்கலாம்.

சின்னமந்தை:
எல்லாருக்கும் நன்றி, டீச்சரம்மா எழுதினதைப் படிச்சு அழுதுட்டேன். யாராவது தேடினாங்களான்னு பிரதர் கேட்டது சுருக்குன்னு இருந்துச்சு, ஏன்னா ஒரு அக்கா மூணு தடவை போன் பண்ணாங்க, நான்தான் எடுக்கல. இன்னைக்கு நானே கூப்பிட்டேன், அவங்க ஒண்ணுமே கேக்கல, சனிக்கிழமை சாயங்காலம் வர்றேன் சேந்து ஜெபிக்கலாம்னு மட்டும் சொன்னாங்க. லீடர்கிட்ட பேச இன்னும் தைரியம் வரல, அதுக்காக ஜெபிச்சுக்கோங்க. பிரதர், உங்க அப்பாவுக்காக நானும் ஜெபிக்கறேன்.