மறு: மூட்டு விலகலா, பிசகா, கழல்வா? முதலுதவிக் கையேட்டுக்கு ஒரு சொல் வேணும்

எல்லாருக்கும் வணக்கம்,

மூட்டுல எலும்பு இடம் மாறி வெளிய வந்துடுறதை இங்கிலீஷ்ல டிஸ்லொகேஷன்னு சொல்றாங்களே, அதுக்குக் கையேட்டுல என்ன தமிழ்ச்சொல் போடலாம்னு நாலு நாளா இந்த இழை ஓடுது, டூட்டி முடிஞ்சு வந்து படிச்சுட்டு அப்படியே தூங்கிடுறேன், இன்னிக்குதான் உக்காந்து எழுத முடிஞ்சுது. நான் மொழி படிச்சவன் கெடையாது. 16 வருஷமா எலும்புப் பிரிவுல மாவுக்கட்டு ரூம்ல வேலை. டாக்டர் சொல்றதையும் நோயாளி சொல்றதையும் ரெண்டு காதுலயும் கேட்டுக்கிட்டே நடுவுல நிக்கிற ஆளு, அந்த இடத்துலேருந்து எழுதுறேன்.

> டிஸ்லொகேஷன் என்பதற்கு 'இடப்பெயர்வு' என்பதே நேரான ஆக்கம். புதிதாக எதற்கு?

ஐயா, உங்க மேல மரியாதை உண்டு, ஆனா இதுல ஒத்துக்க முடியல. பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு இடப்பெயர்ச்சின்னா இயற்பியல் பாடம், ஒரு பொருள் இங்கேருந்து அங்க எவ்வளவு தூரம் போச்சுங்கற கணக்கு. அதுக்கு மேல யாழ்ப்பாணத்து அக்கா ஒண்ணு எழுதியிருந்தாங்களே:

> எங்கட பக்கம் இடப்பெயர்வு எண்டால் 95ஆம் ஆண்டு ஒக்ரோபரில சனம் வீட்டைப் பூட்டிப்போட்டு வெளிக்கிட்டதுதான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லை தோள்மூட்டுக்கு வைக்க எனக்கு மனமில்லை.

இதைப் படிச்ச அப்புறம் எனக்கும் அந்தச் சொல்லை எழுதக் கை வரல. போர்ல ஊரை விட்டுப் போன ஒரு சனத்தோட வாழ்க்கையே அந்தச் சொல்லுக்குள்ள இருக்கு, அதை அப்படியே விட்டுடுவோம்.

> 'மூட்டு விலகல்' போதுமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், நானே பல வருஷம் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். ஆனா ஓ.பி.யில உக்காந்து பாருங்க, பத்து பேர் 'ஜவ்வு விலகியிருக்கு'ன்னு ஸ்கேன் படத்தோட வருவாங்க, அது முதுகுத்தண்டு டிஸ்க். 'எலும்பு விலகியிருக்கு'ன்னா சில டாக்டருங்க சொல்றது முறிஞ்ச எலும்போட ரெண்டு துண்டு நேர்கோட்டுல இல்லைங்கறதை. ஒளிவிலகல் ஒரு பக்கம், புள்ளியியல்ல நியம விலகல் ஒரு பக்கம். அதெல்லாம் கூட பரவால்ல, சூழ்நிலையை வச்சு புரிஞ்சுக்கலாம். எனக்கு இருக்கிற பெரிய கஷ்டம், விலகல்னு சொன்னா கேக்குறவருக்கு அவசரமே வர மாட்டேங்குது. 'கொஞ்சம் விலகியிருக்காம், நாளைக்கு பாத்துக்கலாம்'னு வீட்டுக்குப் போயிடுறாங்க.

பிசகுங்கற சொல்தான் இதைவிட மோசம், அது நல்ல தமிழ்ச்சொல்லா இருந்தாலும். நம்ம ஊர்ல கழுத்து பிடிச்சாலும் பிசகு, நரம்பு இழுத்தாலும் பிசகு, கால் பிரண்டாலும் பிசகு. பிசகுன்னா அடுத்து என்ன, எண்ணெய் போட்டு நீவுறது, உருவி இழுக்கிறது. சுளுக்குக்கும் அதே கதைதான். போன வருஷம் 50 வயசு இருக்கும் ஒருத்தர் வந்தார். டூவீலர்லேருந்து விழுந்து தோள்ல அடி, ஊர்ல யாரோ பாத்துட்டு சுளுக்குன்னு சொல்லி நீவி விட்டு துணியில கட்டி அனுப்பியிருக்காங்க, படமே எடுக்கல. அஞ்சு வாரம் கழிச்சு தலை சீவக் கை தூக்க முடியலன்னு எங்ககிட்ட வந்தப்ப மேற்கை எலும்போட தலை, அந்தப் பந்து, தோள் கிண்ணத்துக்கு வெளிய, சுத்தியிருக்கிற சதையெல்லாம் அந்த நிலையிலயே இறுகிப் போச்சு. முதல் நாளே வந்திருந்தா மயக்க ஊசி போட்டு சில நிமிஷத்துல முடிஞ்சிருக்க வேண்டிய வேலை, கடைசியில அறுவை சிகிச்சைதான். அன்னிக்கு அவர் வீட்டம்மா என்கிட்ட கேட்டாங்க, 'சுளுக்குன்னுதானே தம்பி சொன்னாங்க'ன்னு. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது. சொல் தப்பாப் போனா வைத்தியமும் அது பின்னாடியே தப்பாப் போகுது, இந்த இழையில நான் இவ்வளவு பிடிவாதமா இருக்கிறதுக்கு அதுதான் காரணம்.

இப்ப என் முன்மொழிவு. இது நான் உருவாக்கின சொல்லே இல்ல, ஒரு பையன் வாயிலேருந்து வந்தது.

கபடி ஆடி விழுந்த பையன், இருபது வயசுக்குள்ள. வலது கையை இடது கையால முழங்கைக்கு அடியில தாங்கிப் பிடிச்சுக்கிட்டு உடம்ப ஒரு பக்கமா சாய்ச்சு வந்தான், சட்டையைக் கழட்டக் கூட விடல, கத்தரிக்கோலால வெட்டித்தான் எடுத்தோம். தோள்ல வழக்கமா இருக்கிற அந்த உருண்டை இல்ல, ஓரம் சதுரமா தட்டையா இருக்கு, அதுக்குக் கீழ முன்பக்கமா ஒரு மேடு. கூட வந்த சிநேகிதன் சொன்னான், 'அண்ணே, கை கழண்டுருச்சுண்ணே'. டாக்டர் மேற்கையோட வெளிப்பக்கம் பஞ்சால தொட்டு 'தெரியுதா தெரியுதா'ன்னு கேட்டார், அந்த இடத்துக்குப் போற நரம்பு தோள்மூட்டை ஒட்டியே சுத்திப் போகுது, அதனால முதல்லயே பாத்து எழுதி வச்சுக்கணும். எக்ஸ்ரே எடுத்தாச்சு, முறிவு இல்ல. மருந்து கொடுத்து பையன் தளர்ந்ததும் மெதுவா இழுத்து, வெளிப்பக்கமா திருப்பி, ஒரு நொடி, 'டொக்'னு என் கைக்கே தெரிஞ்சுது, நான்தான் அவன் உடம்ப பிடிச்சுக்கிட்டு நின்னேன். திரும்பிப் பாத்தா தோள் உருண்டை வந்திருக்கு. அந்த சிநேகிதன் வாசல்லயே நின்னு போன்ல சொல்றான், 'மாமா, பூட்டிட்டாங்க மாமா'.

கழண்டுருச்சு, பூட்டிட்டாங்க. இந்த ரெண்டும் ஜோடியாவே நம்ம மொழியில இருக்கு. மெக்கானிக் இஞ்சினைக் கழட்டிப் பூட்டுறார். மாட்டை வண்டியில பூட்டுறோம். சக்கரம் கழண்டா யாரும் எண்ணெய் தடவ மாட்டாங்க, தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டு சரியா மாட்டணும்னு கேக்குறவர் மனசுக்கே தோணும். கன்னியாகுமரிப் பக்கம் மூட்டுக்கே பூட்டுன்னுதான் பேரு, இடுப்புப் பூட்டு, தோள்பூட்டு எல்லாம் பழைய ஆளுங்க வாயில இன்னும் புழங்குது.

அதனால:

முழுசா வெளிய வந்துட்டா மூட்டுக் கழல்வு.
பந்து பாதி வெளிய பாதி உள்ள, இன்னும் தொட்டுக்கிட்டு இருந்தா மூட்டு நழுவல். இதுக்கு இங்கிலீஷ்ல சப்லக்ஸேஷன்னு பேரு, அதை 'துணை விலகல்'னு ஒரு பட்டியல்ல பாத்தேன், துணைக்கு யாரு வந்தாங்கன்னே புரியல, அது வேண்டாம்.
திரும்ப உள்ள வைக்கிறது மூட்டுப் பூட்டல்.

கடைசி சொல்தான் எனக்கு ரொம்ப முக்கியம். இப்படித் திரும்ப வைக்கிறதுக்கு இங்கிலீஷ்ல ரிடக்ஷன்னு பேரு, லத்தீன்லேருந்து வந்த சொல். ரிடக்‌ஷனை 'குறைத்தல்'னு எழுதியிருக்கிறதை என் கண்ணால பாத்தேன். எதைக் குறைக்கிறாங்க, கையவா? அந்த லத்தீன் சொல்லுக்கே மூலத்துல 'திரும்பக் கொண்டுபோய் சேர்க்கிறது'ன்னுதான் அர்த்தம், அதைத்தான் நாம பூட்டல்ங்கறோம்.

இதுக்கு வந்த மறுப்புங்களுக்கும் பதில் சொல்லிடுறேன். 'கழலைன்னா கட்டி, குழப்பம் வருமே'ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். நியாயம், அதனாலதான் கழல்வுன்னு வச்சேன், கழற்சின்னு வைக்கல, கழற்சின்னா கழற்சிக்காய். சங்கப் பாட்டுல தலைவி மெலிஞ்சு வளை கழலும், இருந்த இடத்துலேருந்து நழுவி வெளிய வர்றதுங்கற பொருள் அன்னிக்கே இருக்கு. இன்னொண்ணு, முழங்கால் மடக்க நீட்ட முடியாம நடுவுல நின்னுடுறதை லாக்கிங்னு சொல்றாங்களே, பூட்டல்னா அதோட மோதாதான்னு. இது நல்ல கேள்வி, ரெண்டு நாள் யோசிச்சேன். எங்ககிட்ட வர்றவங்க அதை 'முட்டி சிக்கிக்குது'ன்னு சொல்றாங்க, இல்லன்னா 'லாக் ஆயிடுது'. பூட்டிக்குதுன்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்ல. அதுக்கு சிக்கல்ங்கற வேர்லேருந்து தனியா ஒரு சொல் எடுக்கலாம், வேற இழையில பேசுவோம்.

'இறக்கம்'னு சொன்ன தம்பிக்கு, தோள்பட்டை இறங்கிருச்சுன்னு பேசுறது உண்மைதான், ஆனா குடலிறக்கம், கர்ப்பப்பை இறக்கம்னு வேற நோய்ங்க அந்தச் சொல்லை எடுத்துக்கிச்சு. அதுவும் இல்லாம விரல் மூட்டு கழண்டா மேலதானே தூக்கிக்கிட்டு நிக்குது, எப்படி இறக்கம்?

முறிவையும் கழல்வையும் ஒண்ணாக் கலக்காம இருக்கிறது நம்ம நாட்டுல பழைய பழக்கம்தான். பழைய ஆயுர்வேத அறுவை வைத்தியர் சுஸ்ருதர் எலும்பு முறிவை 12 வகை, மூட்டு கழல்றதை 6 வகைன்னு தனித்தனியாப் பிரிச்சு வச்சிருக்கார். யாழ்ப்பாணம் மானிப்பாயில அமெரிக்க மிஷன் டாக்டர் கிறீன் 19ஆம் நூற்றாண்டுலயே தமிழ்லயே பாடம் நடத்தி வைத்தியர்களை உருவாக்கி, அறுவை வைத்தியத்துக்கு 1867ல 'இரண வைத்தியம்'னு புத்தகமே போட்டார். யாழ்ப்பாணத்து அக்கா, அதுல இந்த இடத்துக்கு அவர் என்ன சொல் போட்டிருக்கார்னு ஒரு பக்கம் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? உங்க பக்கம் நாட்டு எலும்பு வைத்தியத்துல 'முறிவு நெரிவு'ன்னு சொல்ற வழக்கம் இருக்கே, அந்த நெரிவுக்குள்ள கழல்வும் அடக்கமான்னும் சொல்லுங்க.

சொல் நல்லா இருக்கா இல்லையான்னு பட்டியல்ல வச்சுப் பாத்தாத் தெரியாது, வாக்கியத்துல போட்டாத்தான் தெரியும். கையேட்டுக்கு நான் எழுதி வச்சிருக்கிறது இது, திருத்துங்க:

> மூட்டின் வடிவம் மாறி, அசைக்க முடியாமல், கடுமையான வலி இருந்தால் மூட்டுக் கழல்வு என்று எண்ணுங்கள். நீங்களே பூட்ட முயலாதீர்கள். கூடவே எலும்பு முறிந்திருக்கலாம், இழுத்தால் நரம்பும் இரத்தக்குழாயும் அறுபடலாம். எண்ணெய் தடவவோ நீவவோ கூடாது. கை எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் துண்டாலோ துப்பட்டாவாலோ தாங்கிக் கட்டுங்கள். வீக்கம் ஏறுமுன் மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம், ஆகவே சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம். விரல்கள் வெளுத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

இதுல இடுப்பு மூட்டுக்கு ஒரு வரி தனியாச் சேக்கணும்னு நினைக்கிறேன். கார் மோதி முழங்கால் முன்பலகையில (டாஷ்போர்டுல) இடிச்சா இடுப்புப் பந்து பின்பக்கமா கழலும், 6 மணி நேரத்துக்குள்ள பூட்டிடணும்னு டாக்டருங்க அடிச்சுக்குவாங்க, லேட்டாச்சுன்னா பந்துக்கு ரத்தம் போகாம எலும்பே செத்துப் போற ஆபத்து கூடுது. முழங்கால் மூட்டே கழண்டா, அதுவா உள்ள போயிட்ட மாதிரி தெரிஞ்சாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும், பின்னாடி போற பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கலாம். முழங்கால் சிப்பி மட்டும் ஓரமா ஒதுங்குறது இதுலேருந்து வேற. அதுக்கு சிப்பி ஒதுக்கம்னு வச்சிருக்கேன், சரியான்னு பாருங்க.

இன்னும் ரெண்டு சொல் பாக்கி இருக்கு. ஒண்ணு, அடிக்கடி கழல்ற தோள். சின்ன வயசுல முதல் தடவை கழண்டவங்களுக்குத்தான் இது திரும்பத் திரும்ப வருது, அந்த கபடிப் பையனும் ரெண்டாவது தடவை வந்துட்டான். 'மீள்கழல்வு'ன்னு எழுதிப் பாத்தேன், வாயில ஒட்டல. 'பழகின கழல்வு'ன்னு எங்க வார்டு அக்கா ஒருத்தங்க சொன்னாங்க, எனக்கு அது பிடிச்சிருக்கு, ஆனா பழகிடுச்சுன்னா பரவால்லன்னு அர்த்தம் ஆயிடுமோன்னு பயம்.

ரெண்டாவது, ஒண்ணுலேருந்து நாலு வயசுப் பிள்ளைங்களுக்கு வர்றது. ரோடு தாண்டும்போது வெடுக்குனு கையைப் பிடிச்சுத் தூக்குவோம், பிள்ளை வீல்னு கத்தி அந்தக் கையைத் தொங்கப் போட்டுக்கும், வீக்கம் இருக்காது, பொம்மையைக் காட்டினாலும் அந்தக் கையை நீட்டாது. முழங்கையில ஆரை எலும்போட (முன்கையில இருக்கிற ரெண்டு எலும்புல ஒண்ணு) தலை அதைச் சுத்தியிருக்கிற பட்டைக்குக் கீழ நழுவியிருக்கும். டாக்டர் முன்கையைத் திருப்பிப் பூட்டினா சில நிமிஷத்துல பிள்ளை மிட்டாய் வாங்கக் கை நீட்டுது. அதுக்கு இங்கிலீஷ்ல ஆயாம்மா பேரை வச்சு ஒரு பேரு இருக்கு, அது வேண்டவே வேண்டாம், தூக்கினது பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோதான், ஏற்கெனவே குத்த உணர்ச்சியில அழுதுட்டு நிக்கிறாங்க. 'இழுமுழங்கை'ன்னு போடலாமா, இல்ல 'குழந்தை முழங்கை நழுவல்'னு நீட்டியே எழுதிடலாமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொன்னா அச்சுக்குக் கொடுக்கிறவங்ககிட்ட சேத்துடுவேன்.