படம் தொட்டுப் பேசும் ஆப் கொடுத்தால் பையன் வாய் திறக்கவே மாட்டானா?

சேலத்து அம்மா:
என் பையனுக்கு நாலரை வயது, ஆட்டிசம். அம்மா, தண்ணி, போ என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வார்த்தைகள். படத்தைத் தொட்டால் போனே பேசுகிற மாதிரி ஆப் ஒன்றைப் பழக்கச் சொல்கிறார் தெரபிஸ்ட். மாமியாரோ "அதைக் கையில குடுத்தா அப்புறம் வாயே திறக்க மாட்டான்" என்று ஒரே பிடிவாதம், எனக்கும் அந்தப் பயம் உண்டு. தமிழில் எது நல்லது? ஆண்ட்ராய்டு போன்தான் இருக்கிறது.

பேச்சுப் பயிற்சியாளர்:
இந்தப் பயம் இல்லாத வீடே கிடையாது, ஆனால் ஆதாரம் மறுபக்கம் இருக்கிறது. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சைகை, படம் போன்றவற்றால் பேசப் பழக்கிய பழைய ஆய்வுகளை மில்லர், லைட், ஷ்லாஸர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அலசி 2006-ல் எழுதினார்கள். நம்பத்தகுந்த சான்று இருந்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, 89 சதவீதம் பேருக்குக் கூடியிருந்தது. ஆனால் அது பெரும்பாலும் சிறிய முன்னேற்றம்தான், அந்த ஆய்வுகளில் பயன்படுத்தியதும் பெரும்பாலும் கைச்சைகையும் பட அட்டையும்தான், இன்றைய ஆப் இல்லை. அதனால் ஆப் வந்த கையோடு மடமடவென்று பேசிவிடுவான் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தாம்பரம் அப்பா:
எங்கள் வீட்டில் ஆவாஸ் என்ற ஆப். சென்னையில் உருவானது, மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து செய்தார்கள், தமிழில் பேசும். சந்தா கட்ட வேண்டும், அதுதான் கையைக் கடிக்கும். இலவசமாக வேண்டும் என்றால் ஐஐடி பாம்பேயில் செய்த ஜெல்லோவைப் பாருங்கள், படத்தைத் தொட்டுவிட்டு ஓரத்தில் இருக்கும் வேண்டும், வேண்டாம், இன்னும் மாதிரியான பொத்தானைத் தொட்டால் முழு வாக்கியமாகச் சொல்லும். எதைப் போட்டாலும் தமிழ்க் குரல் உங்கள் போனில் ஒழுங்காக வருகிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். எந்த ஆப் என்பதைவிட முக்கியம், நீங்கள் அவனோடு பேசும்போது நீங்களும் தொட்டுப் பேசுவது. "வெளியே போகலாமா" என்று கேட்கும்போதே வெளியே, போ இரண்டையும் தொடுங்கள், அவன் திரும்பிப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. பெரியவர்கள் யாரும் தொடாமல் பிள்ளையிடம் மட்டும் "தொடு, தொடு" என்று பரீட்சை வைத்தால் எந்தப் பிள்ளைக்கும் வெறுத்துவிடும். அப்புறம் படங்களை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள், கை இடத்தைத்தான் ஞாபகம் வைக்கும்.

சிறப்புப் பள்ளி டீச்சர்:
யூடியூப் பார்க்கிற அதே போனில் வேண்டாம், முடிந்தால் பழைய டேப் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். முடியாவிட்டால் செட்டிங்ஸில் ஸ்கிரீன் பின்னிங் (சில போனில் ஆப் பின்னிங் என்று இருக்கும்) போட்டு இந்த ஆப்பைப் பின் செய்யுங்கள், ஆப்பை விட்டு அவ்வளவு சுலபமாக வெளியே போக முடியாது. ஸ்பெயினின் அராசாக் தளத்தில் படங்கள் இலவசம், ஆப்பில் இருக்கும் அதே வார்த்தைகளுக்கான படங்களை அட்டையில் ஒட்டி வையுங்கள், சார்ஜ் தீர்ந்த நாளில் உதவும்.

சேலத்து அம்மா:
ரொம்ப நன்றி. முதலில் எந்த வார்த்தைகளை வைப்பது? பழம், காய், மிருகம் எல்லாமா?

பேச்சுப் பயிற்சியாளர்:
மிருகமெல்லாம் மெதுவாக வரட்டும். வேண்டும், வேண்டாம், இன்னும், போதும், உதவி, வலிக்கிறது, கூடவே அவனுக்குப் பிடித்த இரண்டு மூன்று பொருள். அவன் "போதும்" தொட்டால் தட்டில் பாதி இட்லி இருந்தாலும் உடனே நிறுத்துங்கள், மாமியாரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.