பாரிஸில் கிடைத்த கென்டக்கி பாட்டில்

நான் இருப்பது அமெரிக்காவின் சின்சினாட்டியில். பிளான்டன்ஸ் என்ற போர்பன் விஸ்கி தயாராகும், கென்டக்கியில் உள்ள பஃபலோ டிரேஸ் ஆலைக்கு இங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் எங்கள் பக்கத்துக் கடைகளில் அந்தப் பாட்டிலைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். சரக்கு வருகிற நாள் தெரிந்துவிட்டால் காலையிலேயே வரிசை நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் காலி. நான்கு வருடம் அலைந்து நான் வாங்கியது இரண்டு பாட்டில்.

அப்படி இருக்கும்போது, அலுவலக வேலையாகப் போய்விட்டுத் திரும்புகையில் பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்து டூட்டி ஃப்ரீ கடையில் அதே பாட்டில் வரிசையாக அடுக்கியிருந்தது. அதுவும் ‘கோல்டு’ வகை, ஆல்கஹால் 51.5 சதவீதம். ஊரில் வழக்கமாக வருவது 46.5 தான். அந்த அலமாரியை விட்டு நகர மனசே வரவில்லை.

ஏன் இப்படி என்று அப்புறம் தேடிப் படித்தேன். ஒவ்வொரு பாட்டிலையும் ஒரே பீப்பாயிலிருந்து நிரப்பும் இந்த போர்பனை அந்த ஆலையின் அன்றைய தலைமைத் தயாரிப்பாளர் எல்மர் டி. லீ 1984-இல் கொண்டுவந்தபோது அமெரிக்காவில் போர்பனுக்கு மவுசு இல்லை. ஜப்பானில்தான் கிராக்கி. இன்றும் பிளான்டன்ஸ் பெயரின் உரிமை ஜப்பானின் தகாரா நிறுவனத்திடம் இருக்கிறது. கோல்டு வெளிநாட்டுச் சந்தைக்கென்றே போய்க்கொண்டிருந்தது. 2020-இல்தான் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது, அதுவும் கொஞ்சமாக. பக்கத்து ஊர்ச் சரக்குக்காக நாம் கடல் தாண்டி அலைவதன் காரணம் இதுதான்.

அந்த முதல் கோல்டு என் வீடு வந்து சேரவில்லை. பிளான்டன்ஸ் மூடி மேல் குதிரையும் ஜாக்கியும் இருக்கும், தெரியும் இல்லையா? மொத்தம் எட்டு மூடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து, சேர்த்தால் பெயர் வரும். நான் தேடிக்கொண்டிருந்தது கடைசி ‘எஸ்’. ஜெயித்த ஜாக்கி கையை உயர்த்தியிருக்கும் மூடி அது. பாட்டில் அட்டைப் பெட்டிக்குள் இருந்ததால் வெளியே எழுத்து தெரியவில்லை. வேறொரு நாட்டில் விமானம் மாற வேண்டியிருந்தது. காத்திருந்த நேரத்தில் ஆசை தாங்காமல் கடையில் சீல் வைத்துக் கொடுத்த பையைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். எழுத்து ‘ஓ’. அடுத்த பாதுகாப்புச் சோதனையில், சீல் உடைந்த பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கொண்டுபோக முடியாது என்று பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டார்கள். விதி அதுதான், அவர்கள் மேல் குறை இல்லை. ஆனாலும் அன்று வீடு வரும்வரை யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

இதே ஆசையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: எழுத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பணம் கட்டும் முன்பே பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பை சீல் ஆனபிறகு கடைசிச் சோதனை தாண்டும்வரை தொடாதீர்கள். அமெரிக்காவுக்குள் வந்து உள்நாட்டு விமானம் மாறுவதாக இருந்தால், சுங்கம் முடிந்ததும் பாட்டிலைப் பெரிய பெட்டிக்குள் துணி சுற்றி வைத்து அனுப்பிவிடுவது நல்லது. வரியில்லாமல் கொண்டுவர அனுமதி ஆளுக்கு 1 லிட்டர். அதற்கு மேல் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பிளான்டன்ஸ் ஒன்றையே தேடவும் வேண்டாம். வைல்ட் டர்க்கி என்ற இன்னொரு கென்டக்கி போர்பன் ஆலையின் 13 வருட ‘ஃபாதர் அண்ட் சன்’ விமான நிலையக் கடைகளுக்கென்றே வந்த 1 லிட்டர் பாட்டில். 1954-இல் அந்த ஆலையில் சேர்ந்த ஜிம்மி ரசலையும் அவர் மகன் எடியையும் குறிக்கும் பெயர். 43 சதவீதம்தான், காரம் குறைவு. ஆனால் கேரமல் வாசனையும் பழைய மரத்தின் மணமும் அப்படி நிற்கும். என் வீட்டில் முதலில் தீர்ந்தது அதுதான்.

போன வசந்த காலத்தில் மறுபடி பாரிஸ். இந்த முறை கடைக்காரப் பெண்மணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அலுத்துக்கொள்ளாமல் இருந்த ஐந்து பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். நான்காவதில் ஜாக்கியின் கை மேலே இருந்தது. லேபிளில் பீப்பாய் எண்ணும் தேதியும் பேனாவால் எழுதியிருந்தன. பாட்டிலை இன்னும் திறக்கவில்லை.