பெண்ணையாற்றுப் பாலத்தில் டயர் போனால்: கடலூர், புதுவைச் சாலை அனுபவங்கள்

திருப்பாதிரிப்புலியூர், வாடகைக் கார் ஓட்டுநர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு. புதுச்சேரியில் கல்யாண வரவேற்பு முடிந்து ஒரு குடும்பத்தைக் கடலூருக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். பெண்ணையாற்றுப் பாலத்தின் நடுவில் வரும்போது பின்பக்கம் டமார் என்று சத்தம். வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. பிரேக்கில் காலை வைக்கவே இல்லை. ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டுவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன், வேகம் தானாக இறங்கியது. நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, முதல் கியரில் ஊர்ந்தபடியே ஆல்பேட்டைப் பக்கம் இறங்கினேன்.

பின் சீட்டில் இருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, டயரு கிழியுது, ரிம்மும் கெட்டுடும், ஓரமா நிறுத்துப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். "பாலத்துல ஓரம் ஏதுங்க ஐயா, இறங்கினதும் நிறுத்துறேன்" என்றேன். கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓர் ஆள் நிற்கலாம், கார் நிற்க இடமில்லை. அதிலும் சனிக்கிழமை இரவு, புதுவை எல்லையில் மதுக்கடைகள் இருக்கும் முள்ளோடையைத் தாண்டி வரும் வண்டிகளில் எத்தனை பேர் நிதானத்தில் இருப்பார்கள் என்பது இந்தச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து நட்டு கழற்ற நான் தயாரில்லை.

தெருவிளக்கு இருந்த ஒரு கடை வாசலில் நிறுத்தி, எல்லாரையும் இறக்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிற்கவைத்துவிட்டு ஸ்டெப்னி மாற்றினேன். பழைய டயர் நார் நாராகிவிட்டது, ரிம்மும் நெளிந்திருந்தது. வண்டி முதலாளி மறுநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இருக்கட்டும், ரிம் கடையில் கிடைக்கும். இதே மாதிரி பாலத்திலோ வளைவிலோ மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

நெல்லிக்குப்பம், கரும்பு விவசாயி

தம்பி செய்தது சரி. ஆனால் எல்லா வண்டியையும் அப்படி ஊர்ந்து நகர்த்திவிட முடியாது. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிரெய்லரில் டயர் வெடித்தால் அது எங்கே நின்றதோ அங்கேதான். பாரத்தை இறக்காமல் அசைக்க முடியாது. அரவைக் காலத்தில் பண்ருட்டி சாலையில் இப்படி நிற்கும் டிரெய்லரைப் பார்க்காதவர்கள் குறைவு. பின்பக்க விளக்கு இருக்காது, இருந்தாலும் தொங்கும் தோகை அதை மூடிவிடும்.

எங்கள் ஆட்கள் செய்வது என்ன? வேப்பங்கொப்பை ஒடித்துப் பின்னால் போடுவார்கள், நாலு கருங்கல்லை வரிசையாக வைப்பார்கள். பகலில் அது போதும். இருட்டில் பச்சைக் கொப்பு யார் கண்ணுக்கும் தெரியாது. இதைவிட மோசம், வேலை முடிந்ததும் கல்லை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவது. அப்படி யாரோ விட்டுப்போன கல்லில் பைக் ஏறி ஒரு கல்லூரிப் பையன் விழுந்ததைக் கண்ணெதிரே பார்த்தேன். கூட்டம் சேர்ந்தது, தூக்க ஒருவரும் முன்வரவில்லை. போலீஸ், கோர்ட்டு என்று அலையவிடுவார்கள் என்ற பயம். அங்கே நின்ற ஒரு வாத்தியார்தான் சத்தமாகச் சொன்னார்: 2019 இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 134ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள், நல்ல மனதோடு உதவுகிறவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது என்று. அதன் பிறகுதான் நாலு பேர் குனிந்தார்கள். கழுத்தை அசைக்காமல் படுக்கவைத்து 108 வரும்வரை குடை பிடித்தோம். தோள் எலும்பு முறிவோடு பையன் தப்பினான்.

இப்போது என் டிரெய்லரின் பின்பலகையில் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டியிருக்கிறேன். டிராக்டரில் இரண்டு சிவப்பு முக்கோணம் எப்போதும் இருக்கும். ஒன்றை ஐம்பது மீட்டர் பின்னால் வைப்போம். வளைவு இருந்தால் மற்றொன்றை வளைவுக்கு முன்பாகவே. வளைவு தாண்டிய பிறகு முக்கோணத்தைப் பார்த்து என்ன பயன்?

பாகூர், செவிலியர்

எனக்கு நடந்தது வேறு மாதிரி. நைட் டூட்டிக்குத் தனியாகக் காரில் போய்க்கொண்டிருந்தேன். கன்னியக்கோயில் தாண்டியதும் பைக்கில் இரண்டு பையன்கள் பக்கத்தில் வந்து, என் பின் டயரைக் கையால் காட்டிக் காட்டி ஏதோ கத்தினார்கள். நிறுத்தவைத்துத் திருடுகிற கும்பலைப் பற்றி வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் படித்திருக்கிறேன். பாதி பொய்யாக இருக்கும், ஆனாலும் அந்த நேரத்தில் அதுதானே நினைவுக்கு வரும்!

கண்ணாடியை இறக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, வேகத்தைக் குறைத்து, கிருமாம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி வாசல் வரை ஓட்டினேன். அங்கே வெளிச்சம், காவலாளி, டீக்கடை எல்லாம் உண்டு. இறங்கிப் பார்த்தால் டயரில் காற்று உண்மையிலேயே பாதிக்கு மேல் போயிருந்தது. பின்னாலேயே அந்தப் பையன்களும் வந்து நின்றார்கள். "அக்கா, நாங்க அங்கேயே சொன்னோமே!" ஒருவனுக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் அவர்களே ஸ்டெப்னியை மாற்றிக் கொடுத்தார்கள். கழற்றிய நட்டுகளை வீல் கப்பைக் கவிழ்த்து அதற்குள் போட்டு வைத்ததைப் பார்த்தபோது, பழகிய கை என்று புரிந்தது. பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. டீ குடித்தார்கள்.

நாளைக்கே இதேபோல் யாராவது கை காட்டினாலும் நான் இருட்டில் நிறுத்த மாட்டேன். தோழிகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன். காற்று குறைந்த டயரில் மெதுவாகக் கொஞ்ச தூரம் போகலாம்.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் புதுவைக் கிராமமும் தமிழ்நாட்டுக் கிராமமும் மாறி மாறி வரும். 112க்கோ 108க்கோ கூப்பிட்டால் ஊர்ப் பெயரோடு எந்த மாநிலம், பக்கத்தில் என்ன கோயில் அல்லது பெட்ரோல் பங்க் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வந்து சேரும் மறுமுனையில் இருந்து பார்ப்பதால் சொல்கிறேன்.

காலாப்பட்டு, பஞ்சர் கடைக்காரர்

எல்லாம் படித்தேன். ஓட்டுநர் தம்பிக்கு ஒரு வார்த்தை: இடது பக்க டயர் என்றால் மண் பக்கம் உட்கார்ந்து மாற்றலாம். வலது பக்கம் போனால் உங்கள் முதுகு சாலையைப் பார்த்து இருக்கும். அப்போது இன்னும் ஒரு கார் அகலம் உள்ளே தள்ளி நிறுத்த முடிகிற இடம் வரை போயாக வேண்டும். அப்படி இடமே இல்லையென்றால் மாற்ற வேண்டாம், தள்ளி நின்று ஆளைக் கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033.

இசிஆரில் கடை வைத்திருப்பதால் என்னிடம் வருகிற பாதிப் பேர் ஜாக்கி சாய்ந்துபோய் வருகிறவர்கள். இங்கே சாலையோரம் கடற்கரை மணல். பார்க்கக் கெட்டியாக இருக்கும், பாரம் ஏறியதும் ஜாக்கி ஒரு பக்கமாக இறங்கும். டிக்கியில் ஓரடிச் சதுரத்தில் ஒரு தடிப் பலகை வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஜாக்கி. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரிலும் விட்டு, மாற்றப்போகும் சக்கரத்துக்குக் குறுக்கே எதிர்மூலையில் இருக்கும் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். ஜாக்கி நிற்க வேண்டிய இடம் கதவுக்குக் கீழே தகட்டு விளிம்பில் இருக்கும், பெரும்பாலான கார்களில் சின்ன வெட்டுப்போட்டுக் காட்டியிருப்பார்கள். வேறெங்கு கொடுத்தாலும் தகடு மடங்கும். கழற்றிய சக்கரத்தைத் தூக்கி எறியாமல் வண்டிக்கு அடியில் தள்ளி வைத்தால், ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும்.

நட்டைத் தளர்த்துவது வண்டி தரையில் இருக்கும்போதே. தூக்கிய பிறகு முறுக்கினால் சக்கரம் சுற்றும், ஜாக்கி ஆடும். இது எல்லாருக்கும் தெரிந்த பாடம். ஆனால் நட்டு அசையாவிட்டால் என்ன செய்வது? உப்புக் காற்றில் துரு பிடித்திருக்கும். அதோடு பெரிய கடைகளில் காற்றுத் துப்பாக்கி வைத்து டர்ரென்று முடுக்கிவிடுகிறார்கள். கார்க் கம்பெனி கொடுக்கும் குட்டி ஸ்பேனருக்கு அது மசியாது. ஸ்பேனர் கைப்பிடி இடது பக்கம் படுக்கையாக இருக்கும்படி மாட்டி, காலால் மெதுவாகக் கீழே அழுத்துங்கள். கை பலத்தைவிட உடம்புக் கனம் வேலை செய்யும். அடுத்த முறை டயர் மாற்றப் போகும்போது, கடைசி முடுக்கைக் கை ஸ்பேனரால் போடச் சொல்லி நின்று வாங்குங்கள். அலுத்துக்கொள்வார்கள், விடாதீர்கள். மரையில் எண்ணெய் விடும் வழக்கத்தையும் விடுங்கள், கம்பி பிரஷால் தேய்த்தால் போதும். எண்ணெய் இருந்தால் அளவுக்கு மேல் இறுகிவிடும்.

இன்னொரு தொல்லை, எல்லா நட்டும் கழன்ற பிறகும் ரிம் துருவில் ஒட்டிக்கொண்டு வராமல் இருப்பது. ஜாக்கியில் நிற்கும் வண்டியை ஓங்கி உதைக்கிறார்கள். அது தற்கொலைக்குச் சமம். நட்டுகளைத் திரும்ப மாட்டி, கையால் முடுக்கி, ஒரு சுற்று மட்டும் தளர விட்டு வண்டியை இறக்குங்கள். முன்னும் பின்னும் ஓரடி அசைத்தால் பட்டென்று விட்டுவிடும்.

மாட்டும்போது நட்டின் கூம்பு முகம் உள்பக்கம். எதிர் எதிராக முடுக்க வேண்டும், பக்கத்துப் பக்கத்தில் போட்டால் சக்கரம் கோணலாக உட்காரும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முடுக்கு. ஸ்டெப்னி மற்ற டயரைவிடச் சின்னதாக இருந்தால் எண்பதுக்கு மேல் ஓட்டாதீர்கள். அதில் காற்று இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பார்க்கச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம்தானே!

கடலூர் முதுநகர்

ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு: பின் டயர் திடீரென்று இறங்கினால் வண்டி பாம்பு மாதிரி நெளியும். பின் பிரேக்கைத் தொடாதீர்கள். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, நேராகவே போய், வேகம் குறைந்ததும் முன் பிரேக்கை லேசாகப் பிடியுங்கள். சிப்காட் பக்கம் லாரிகளுக்கு நடுவில் என் மைத்துனர் இப்படித்தான் விழாமல் வந்து சேர்ந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா விடாமல் அலறிக்கொண்டே வந்தது தனிக் கதை.

புதுச்சேரி ரெயின்போ நகர்

டயர் இல்லை, தண்ணீர். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் தெருவில் கார்கள் கதவு வரை மூழ்கி நின்றன. விடிந்து தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்து சாவியைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக் ஐயா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவெல்லாம் ஓடி, "யாரும் ஸ்டார்ட் பண்ணாதீங்க, யாரும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று கத்தினார்.

காரணத்தைப் பிறகு சொன்னார். இன்ஜின் உறிஞ்சுவது காற்றை. அந்த வழியில் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது காற்றைப் போல அது அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாவியைத் தொடாமல் விட்டால் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றினால் பெரும்பாலும் பிழைத்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை மட்டும் கழற்றச் சொன்னார். அவர் பேச்சைக் கேட்காமல் திருப்பிய ஒருவருக்கு இன்ஜினையே பிரிக்க வேண்டியதாயிற்று. வெள்ளத்தில் ஸ்டார்ட் செய்து கெட்ட இன்ஜினுக்குச் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் வராது, இன்ஜினுக்கென்று தனியாக எடுத்திருக்க வேண்டும். ஓடும்போதே தண்ணீரில் நின்றுபோனாலும் இதே கதைதான், தள்ளுங்கள், திருப்பாதீர்கள்.

அரியாங்குப்பம்

புதுசாக வாங்கிய என் காரில் ஸ்டெப்னியே இல்லை. காற்றடிக்கும் குட்டி மெஷினும் ஒரு பாட்டில் பசையும்தான் கொடுத்தார்கள். கேட்டால் 2020 முதல் சட்டமே அப்படி அனுமதிக்கிறது, டயர் காற்றழுத்தம் காட்டும் கருவி வண்டியில் இருக்கிறதே என்கிறார்கள். பஞ்சர் கடை அண்ணே, இதை நம்பிச் சென்னை வரை போகலாமா?

காலாப்பட்டு, பஞ்சர் கடைக்காரர்

ஆணி குத்தினால் போகலாம் தம்பி. தரையில் படும் பாகத்தில் சின்ன ஓட்டை என்றால் பசை அடைத்துவிடும், மெதுவாக ஓட்டி அடுத்த கடை வரை வந்துவிடலாம். டயரின் பக்கவாட்டு கிழிந்தால் அந்தப் பாட்டில் ஒன்றுக்கும் ஆகாது. மரக்காணம் உப்பளத்துப் பக்கம் ராத்திரியில் நின்றால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகத்தான் ஆள் வர வேண்டும். டிக்கியில் இடம் இருந்தால் ஒரு ஸ்டெப்னி வாங்கிப் போட்டுவிடு, ஜாக்கியும் ஸ்பேனரும் சேர்த்து.

வாங்கும்போது டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், பார். 2324 என்றால் 2024 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. கடையில் வருஷக்கணக்காகத் தூங்கிய டயரைப் புதுசு என்று தலையில் கட்டுவார்கள். அப்புறம், பசை ஊற்றிய டயரை எந்தக் கடைக்குக் கொண்டு போனாலும் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிடு. போன வாரம் ஒருத்தர் சொல்லாமல் விட்டார், சட்டையோடு சேர்த்து மீசையையும் பெட்ரோல் போட்டுத் துடைக்க வேண்டியதாயிற்று.