சண்டர்லேண்டில் கப்பல் கட்டியவர்களைச் சந்தித்த அனுபவங்கள்

சண்டர்லேண்டிலிருந்து:

என் கணவருக்கு வடகிழக்கு இங்கிலாந்தில் இருக்கும் இந்த ஊரில் வேலை கிடைத்ததால் குடிவந்தோம். வீடு வியர் ஆற்றின் வடகரையில், மங்க்வியர்மவுத் பக்கம். இது கப்பல் கட்டிய ஊர் என்பதே பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதினாறு வயதில் யார்டில், அதாவது கப்பல் கட்டும் தளத்தில், வேலை பழகச் சேர்ந்து, வெல்டராகவே காலம் கழித்தவர்.

அவரோடு ஆற்றங்கரையில் நடந்தால் சும்மா நடக்க விடமாட்டார். தேசியக் கண்ணாடி மையம் கட்டிய, பல்கலைக்கழகத்தின் செயின்ட் பீட்டர்ஸ் வளாகம் இருக்கும் இடத்தில் முன்பு ஜே.எல். தாம்சன் நிறுவனத்தின் நார்த் சாண்ட்ஸ் யார்டு இருந்தது. 1940-இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தபோது, அந்த நிறுவனத்தின் சிரில் தாம்சன்தான் கப்பல் வரைபடங்களோடு அமெரிக்கா போனார். அந்த வடிவமைப்பை வெல்டிங்குக்கு ஏற்றபடி மாற்றி அமெரிக்கர்கள் கட்டியவைதான் லிபர்ட்டி கப்பல்கள். மொத்தம் 2,710. இதைச் சொல்லும்போது பெரியவர் நடையை நிறுத்திவிடுவார்.

கப்பலை ஆற்றில் இறக்கும் கதையை மட்டும் எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுக்காது. வியர் குறுகலான ஆறு. கொழுப்பு பூசிய சாய்தளத்தில் கப்பல் பின்பக்கமாகச் சறுக்கி இறங்கும். விட்டால் எதிர்க்கரையில் போய் மோதும். அதனால் கரையில் டன் கணக்கில் குவித்த இரும்புச் சங்கிலிகளைக் கப்பலோடு பிணைத்து வைப்பார்கள். குவியல் இழுபட இழுபட வேகம் தணியும். சங்கிலி இழுபடும்போது எழும் துருப்புழுதியில் சில நொடிகள் ஒன்றுமே தெரியாதாம். பள்ளிப் பிள்ளைகளெல்லாம் எதிர்க்கரையில் நின்று பார்ப்பார்களாம்.

இந்த ஊரில் கப்பல் கட்டியதற்கு 1346-லேயே பதிவு இருக்கிறது. 1988 டிசம்பரில், மிச்சமிருந்த யார்டுகளையும் மூடுவதாக அரசு அறிவித்தது. சுமார் 2,000 பேருக்கு வேலை போனது. "எங்களுக்குத் தொழில் தெரியாமலா மூடினார்கள்?" என்று கேட்பார் பெரியவர். நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். 1960-களின் கடைசியில் இங்கே ஆஸ்டின் அண்ட் பிக்கர்ஸ்கில் யார்டு உருவாக்கிய எஸ்.டி.14 என்ற சரக்குக் கப்பல் உலகமெங்கும் விற்றது. பிரேசில் வரை உரிமம் வாங்கிக் கட்டினார்கள். இதே ஊரின் பாலியன் பகுதியில் மழையும் பனியும் படாமல், கூரைக்கு அடியிலேயே முழுக் கப்பலையும் கட்டும் யார்டு 1976-இல் திறந்தது. பன்னிரண்டே வருடத்தில் அதற்கும் பூட்டு. அப்புறம் 1993-இல் மங்க்வியர்மவுத் நிலக்கரிச் சுரங்கமும் மூடியது. கால்பந்து மைதானம் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

எனக்கு மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. சண்டர்லேண்டுக்கு மாநகர அந்தஸ்து கிடைத்தது 1992-இல். கப்பல் கட்டியவரை டவுன். கடைசி யார்டும் போன பிறகுதான் சிட்டி!

கீல் சதுக்கத்தில், இங்கே கட்டிய கப்பல்களின் பெயர்களை நடைபாதைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் என்னை நிறுத்தி, கண்ணாடி எடுத்து வரவில்லை, ஒரு பெயரைத் தேடித் தர முடியுமா என்று கேட்டார். அவருடைய அப்பா வேலை செய்த கப்பலாம். வெகுநேரம் குனிந்து குனிந்து தேடினோம். கிடைத்ததும் காலணியைக் கழற்றிவிட்டு அந்தக் கல்மேல் நின்றார்.

நிசான் ஆலையில் வேலை பார்ப்பவர்:

அக்கா, நான் கார் ஆலைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நிசான் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது 1986-இல். முதல் புளூபேர்ட் கார் சண்டர்லேண்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பாருங்கள். என் முதல் மேற்பார்வையாளர் யார்டு குடும்பத்துக்காரர். அப்பா, தாத்தா எல்லோரும் தகடு வேலை. யார்டு போனதற்கு நிசான் ஈடு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவே மாட்டார். சோறு போட்டது நிசான்தான், அதை மறுக்கமாட்டார். "ஆனால் காருக்குப் பெயர் கிடையாது. எந்தக் கப்பலில் வேலை செய்தேன் என்று அப்பா பெயர் பெயராகச் சொல்வார்" என்பார். அவரை நியூகாசில்காரர் என்று யாராவது நினைத்துவிட்டால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார். இரண்டு ஊருக்கும் பத்துப் பன்னிரண்டு மைல்தான்!

அடிலெய்டிலிருந்து:

சண்டர்லேண்டில் பிறந்த ஒரு கப்பல் ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரில் இருக்கிறது. பெயரே 'சிட்டி ஆஃப் அடிலெய்டு'. 1864-இல் வில்லியம் பைல் யார்டில் கட்டியது. இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை. 1887 வரை இங்கிலாந்திலிருந்து இங்கே குடியேறிகளைக் கொண்டுவந்தது. பிறகு தொற்றுநோய் மருத்துவமனை, கடற்படைப் பயிற்சிக் கப்பல் என்று என்னென்னவோ ஆகி, 1991-இல் கிளாஸ்கோவில் மூழ்கியது. தூக்கி எடுத்து, ஸ்காட்லாந்தில் கரையேற்றிப் பல வருடம் அப்படியே போட்டுவைத்தார்கள்.

அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோக சண்டர்லேண்ட்காரர்கள் பெரிய இயக்கமே நடத்தினார்கள். 2009-இல் அந்த ஊர் கவுன்சிலர் ஒருவர் கப்பலில் ஏறி உட்கார்ந்து போராடினார். கடைசியில் 2014-இல் அது போர்ட் அடிலெய்டு வந்து சேர்ந்தது. சுற்றிக் காட்டிய தன்னார்வலர், சண்டர்லேண்டிலிருந்து வருபவர்களை உடனே கண்டுபிடித்துவிடலாம் என்றார். மற்றவர்கள் பயணிகள் எங்கே படுத்தார்கள் என்று கேட்பார்களாம். சண்டர்லேண்ட்காரர்கள் நேராக அடித்தளத்துக்குப் போய் இரும்பும் பலகையும் சேரும் இடத்தைத் தடவிப் பார்ப்பார்களாம்.

கப்பல் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, சந்தோஷம். ஆனாலும் அது வியர் கரையில் நின்றிருந்தால்தான் நியாயம். இங்குள்ள நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, என் கருத்து அதுதான்.