10 மீட்டருக்கு 1000 மீட்டர் சண்டை: 4.49ஆ, 4.50ஆ, இல்லை 6.5ஆ?

கேள்வி: செந்தூல் புதுக்கை

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுபாங்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறேன். துப்பாக்கி கிளப்புடையது. பயிற்சி முடிந்து மாமாக் கடையில் உட்கார்ந்தால் மூத்தவர்கள் வாயில் காலிபர், அதாவது குண்டின் அளவு, தவிர வேறு பேச்சில்லை. தூரத்துக்குச் சுடும் ரைஃபிள் தோட்டாவில் .308ஆ, 6.5 கிரீட்மூரா என்று தொடங்கி, ஸ்கோப்பின் அளவு எம்.ஓ.ஏ.வா மில்லா என்று சுற்றி, ஏர் ரைஃபிளில் போடும் ஈயக் குண்டான பெல்லட் 4.49 மி.மீ.ஆ 4.50ஆ என்பதில் வந்து நிற்கும். தே தாரிக் ஆறி ஆடை கட்டும், தீர்ப்பு மட்டும் வராது.

கையில் 300 ரிங்கிட் இருக்கிறது. ஸ்கோப்புக்குச் சேர்க்கவா, பெல்லட் வாங்கவா? வாங்கினால் எந்த அளவு? அவர்கள் பேசுவதில் எனக்கு உதவுவது எது?

பதில் 1: கல்லாப்பெட்டி, கோலாலம்பூர்

தம்பி, ஸ்கோப்பை இன்றோடு மறந்துவிடுங்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப் கூடாது. பின்னால் டயாப்டர் என்னும் சிறு துளை, முன்னால் வளையம், இரண்டின் வழியாகக் குறிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். தவிர, ஏர் ரைஃபிளும் 1960 ஆயுதச் சட்டத்தில் ஆயுதமே. போலீஸ் லைசென்ஸ் இல்லாமல் ஆன்லைனில் பார்சல் வரவழைக்கலாம் என்று யாராவது ஐடியா கொடுத்தால், அவருக்கு ஒரு கோப்பி ஓ வாங்கிக் கொடுத்துவிட்டு வேறு மேசைக்குப் போய்விடுங்கள்.

.308 வின்செஸ்டர் 1952இல் வந்தது, 6.5 கிரீட்மூர் 2007இல். 6.5இன் குண்டு ஒல்லியாக நீளமாக இருப்பதால் பக்கக்காற்று அதைக் குறைவாகத் தள்ளும். தோளில் உதையும் குறைவு. .308இன் குழல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைக்கும். மூன்று மணி நேர வழக்கின் சாரம் இவ்வளவுதான். இந்த வித்தியாசம் தாளில் தெளிவாகத் தெரிய 600, 800 மீட்டர் வேண்டும். நம் மாமாக் கடையில் கல்லாவிலிருந்து ரொட்டிக் கல் வரை 10 மீட்டர் தேறுமா? .308 வைத்திராதவரும் 6.5 வைத்திராதவரும் மோதுவதால் சண்டைக்கு முடிவே கிடையாது. யாராவது ஒருவரிடம் ஒன்று இருந்திருந்தால் என்றைக்கோ சுட்டுப் பார்த்து வாயை மூடியிருப்பார்கள்.

பெயரை வைத்தும் வாதாடாதீர்கள். .270 வின்செஸ்டரின் குண்டு .277 அங்குலம். .303 பிரிட்டிஷ் குண்டு .311 பக்கம் வரும். 6.5 என்பது உண்மையில் 6.7 மில்லிமீட்டர். குழலின் உட்புறத்தில் மேடும் பள்ளமுமாகச் சுருள்வரி ஓடும். பெயர் வைத்தவர்கள் மேட்டுக்கு மேடு அளந்து வைத்தார்கள், குண்டோ பள்ளத்தை நிரப்ப வேண்டும். .38 ஸ்பெஷல் கதை தனி: அந்த அளவு தோட்டாக் கூட்டினுடையது, குண்டு .357தான்.

எம்.ஓ.ஏ., மில் இரண்டும் கோண அளவுதான். 100 மீட்டரில் 1 எம்.ஓ.ஏ. 29 மி.மீ. ஸ்கோப் திருகைத் திருப்பினால் கால் எம்.ஓ.ஏ. கிளிக் ஒன்றுக்குக் குறி 7.3 மி.மீ. நகரும், 0.1 மில் கிளிக்குக்கு 10 மி.மீ. சாணும் முழமும் மாதிரி. கண்ணாடிக்குள் இருக்கும் கோடு மில்லாகவும் திருகு எம்.ஓ.ஏ.வாகவும் இருக்கும் ஸ்கோப்பை வாங்குகிறவர்தான் அவதிப்படுவார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் 3.44ஆல் பெருக்க வேண்டும்.

பதில் 2: பாயான் லெப்பாஸ் அக்கா, பினாங்கு

பெல்லட்டுக்கு நான் பதில் சொல்கிறேன். 4.49க்கும் 4.50க்கும் இடையில் இருப்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. எது பொருந்தும் என்பது அந்தக் குழலுக்குத்தான் தெரியும். அதைக் கேட்காமல் அளவு சொல்கிறவர், நாசி கண்டார் கடையில் உங்களைக் கேட்காமலே தட்டு நிறையக் குழம்பு ஊற்றுகிறவர் மாதிரி. சில நாள் பொருந்தும், சில நாள் வயிறு பேசும்.

சோதிக்கும் விதம்: நாலு வகை டின் போதும். உங்கள் ரிங்கிட்டில் தாராளமாக அடங்கும். 4.49, 4.50 இரண்டும் அதில் இருக்கட்டும். எல்லாம் தட்டைத் தலை, சுமார் 0.53 கிராம். கிளப்பில் குழலைப் பிடிக்கும் வைஸ் இருந்தால் அதில் மாட்டுங்கள், இல்லையென்றால் மேசையில் மணல் பை. வகை மாற்றியதும் முதல் 10 குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், முந்தைய பெல்லட்டின் ஈயப் பூச்சு குழலில் இருக்கும். பிறகு 10 குண்டு ஒரே தாளில். வரிசை அ, ஆ, இ, ஈ, திரும்ப ஈ, இ, ஆ, அ. இப்படிச் செய்தால் உங்கள் களைப்பு நாலுக்கும் சமமாகப் பங்காகும். நடுவில் குழலைத் துடைக்காதீர்கள். துப்பாக்கியின் காற்றுச் சிலிண்டரில் அழுத்தம் 100 பாருக்குக் கீழே இறங்குமுன் நிரப்பிவிடுங்கள், இல்லையென்றால் கடைசி வகை பலியாடு ஆகும்.

அளப்பதற்கு வெர்னியர். ஓட்டைக் கூட்டத்தின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்து 4.5 மி.மீ. கழியுங்கள். வைஸில் நல்ல பெல்லட் 10 குண்டும் ஒரே ஓட்டை மாதிரி விழும்.

டின்னைக் கீழே போட்டுவிட்டால் எந்தக் காலிபரும் காப்பாற்றாது. சந்தேகமான பெல்லட்டைக் கண்ணாடித் தட்டில் உருட்டிப் பாருங்கள். நல்லது ஒரே சீரான வளைவில் ஓடும், பின்பாவாடை, அதாவது பின்பக்க மெல்லிய விளிம்பு, நசுங்கியது நொண்டும். நம் ஊர் ஈரத்தில் மூடாத டின்னில் ஈயம் வெள்ளைப் பொடி பூக்கும், அதையும் குழலில் போடாதீர்கள்.

பதில் 3: மூணு குண்டு முருங்கை

அக்கா சொன்ன 10 குண்டுக்கு ஒரு பின்பாட்டு. போனில் படம் காட்டும் அண்ணன்மார் எல்லாரும் 3 குண்டு குரூப், அதாவது 3 ஓட்டைக் கூட்டம்தான் காட்டுவார்கள், கவனித்திருக்கிறீர்களா? அதே துப்பாக்கி, அதே கை, அதே பெல்லட். சராசரியாக 3 குண்டு குரூப்பின் அகலம் 10 குண்டு குரூப்பில் 63 விழுக்காடுதான் வரும். இது கணக்கு, திறமைக்கு இதில் வேலை இல்லை. அதனால் படம் காட்டினால் உடனே 'மீதி ஏழு எங்கே அண்ணே?' என்று மரியாதையாகக் கேளுங்கள். பேச்சு தானாக பெட்ரோல் விலைக்கு மாறிவிடும்.

பதில் 4: ஜங்கிள் கார்பைன் தாத்தா

பழைய வழக்கும் ஒன்று இருக்கிறது. அவசரகாலத்தில் மலாயாக் காட்டில் பிரிட்டிஷ்காரன் தூக்கித் திரிந்த .303 ஜங்கிள் கார்பைன் என்னும் குட்டை ரைஃபிளுக்கு 'ஸீரோ ஊர்ந்து போகிறது', அதாவது சரிசெய்து வைத்த குறி தானாக விலகுகிறது என்று குற்றம் சாட்டி 1947இல் தயாரிப்பையே நிறுத்தினார்கள். குழலின் பின்பகுதியில் எடை குறைக்கக் கடைந்ததுதான் காரணம் என்று ஒரு கட்சி. குற்றச்சாட்டே பொய், புதிய ரைஃபிள் வாங்க ஒரு சாக்கு என்று மறு கட்சி. முக்கால் நூற்றாண்டு ஓடிவிட்டது, இன்னும் வாய்தா. உங்கள் 4.49 கேஸ் அதற்குத் தங்கச்சி முறை.

செந்தூல் புதுக்கை:

நன்றி அக்கா. டின் வாங்கியது போக மிச்சத்துக்குச் சுடும்போது போடும் தடித்த ஜாக்கெட் பார்க்கலாமா? ஜாக்கெட் இல்லாமல் 9 அடிக்கவே முடியாது என்கிறார் ஒருவர்.

பதில் 5: கல்லாப்பெட்டி

மிச்சத்தில் புது ஜாக்கெட் வராது தம்பி. கிளப்பில் பழையது இரவல் கேளுங்கள். உதவும், மறுக்கவில்லை, முதுகைத் தாங்கும். ஆனால் துணியின் தடிமன் 2.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, விறைப்பையும் கருவி வைத்து அளப்பார்கள். நம் வெயிலில் வியர்வை ஊறிய ஜாக்கெட் ஒரு மாதத்தில் பழைய கைலி மாதிரி தொங்கிவிடும். சுட்டு முடிந்ததும் பையில் திணிக்காமல் மின்விசிறிக்கு நேரே தொங்கவிடுங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் மலேசிய வீராங்கனை நூர் சுர்யானி தாய்பி எட்டு மாத வயிற்றோடு இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிளைச் சுட்டார். அந்த உடல் எடையையே சமநிலைக்குள் கொண்டுவர முடியுமென்றால், உங்கள் பிரச்சினை துணி கிடையாது, கால்.

இலக்குத் தாளில் குறுக்களவு பாருங்கள்: 10க்கான புள்ளி அரை மி.மீ., 9 வளையம் 5.5 மி.மீ., 8 வளையம் 10.5 மி.மீ. புதியவர் நின்று குறிபார்க்கும்போது முனை 8 வளையத்துக்கு வெளியேகூட ஆடும். நூறில் ஒரு மி.மீ. பற்றிய சண்டை அந்த ஆட்டத்துக்குள் எங்கே கரைந்து போகும் என்று பாருங்கள். தினம் 15 நிமிடம் குண்டு இல்லாமல் நின்று பிடித்துப் பழகுங்கள், காசு செலவில்லை. அதற்கென்று உள்ள பயிற்சி லீவரை மாற்றி வைத்தால் ஏர் ரைஃபிளின் ட்ரிகரை வெறுமனே இழுக்கலாம். தோட்டா போடும் .22 ரைஃபிளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். தோட்டா இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால், தோட்டாவை அடிக்கும் ஊசி குழல் விளிம்பிலேயே அடித்துப் பள்ளம் போடும்.

இன்னொன்று: கிளப் சிலிண்டரை யாராவது ஏற்றிவரச் சொன்னால் வெயிலில் நிற்கும் காரின் பூட்டில் விட்டுப் போகாதீர்கள். 30 டிகிரியில் 200 பாராக நிரப்பியது 60 டிகிரியில் 220 பார். வால்வு பக்கம் எண்ணெயும் கூடாது. உயர் அழுத்தக் காற்றில் எண்ணெய் தீப்பிடிக்கும்.

செந்தூல் புதுக்கை:

கடைசிக் கேள்வி அண்ணே, பெல்லட்டைக் குழலில் போடுவது விரலாலா, இடுக்கியாலா? இன்று இதற்கும் இரண்டு கட்சி.

பதில் 6: பாயான் லெப்பாஸ் அக்கா

விரலால். இடுக்கி பாவாடையை நசுக்கும். கை ஈயமாகும், அதனால் ரொட்டி சானாயில் கை வைக்குமுன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடைக் குழாயில் சோப்பு தீர்ந்திருந்தால் கரண்டி கேளுங்கள்.

பதில் 7: மூணு குண்டு முருங்கை

ரொட்டியைக் கரண்டியாலா? அக்கா, இதை விட்டு வைக்க முடியாது.